சீட்டை இந்த மாதம் எடுக்காதீர்கள்

(பதில் சொல்பவர் மும்பையில் 24 வருஷமாக பால்வாடி, அங்கன்வாடி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்து வருபவர்.)

கேள்வி: தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் எஸ்ஆர்ஏ (குடிசை மறுவாழ்வு ஆணையம்) பில்டிங்கில் நாலாவது மாடியில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரருக்குத் தோல் பை தைக்கும் கார்கானாவில் வேலை. நான் மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறேன். மகளுக்கு மூன்றரை வயது, மகனுக்குப் பதினோரு மாதம். மகள் எதிர்ச் சந்தில் இருக்கும் அங்கன்வாடிக்குப் போகிறாள். பத்து மணிக்கு விட்டால், கிச்சடி சாப்பிட்டு ஒரு மணிக்கு வந்துவிடுவாள். என்ன படித்தாய் என்று கேட்டால் வாயே திறப்பதில்லை. பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் நர்சரியில் வருஷத்துக்கு 28,000 கேட்கிறார்கள். 50,000 ரூபாய் சீட்டு ஒன்று போட்டிருக்கிறேன். இந்த மாதம் தள்ளி எடுத்துக் கட்டிவிடலாமா? மதியம் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை, அத்தைக்கு முழங்கால் வலி. அதனால் மூன்றாவது வீட்டு வேலையை விட்டுவிட்டேன். அதில் மாதம் 4,000 போயிற்று. கொழுந்தனார் பி.காம். முடித்தவர். "இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு கவர்மெண்ட் எதுக்குச் செலவு பண்ணணும்? பிள்ளை வளர்க்கிறது வீட்டு வேலை. அந்தக் காசுல காலேஜ் கட்டினா நாடு உருப்படும்" என்கிறார். அவருக்கு என்ன சொல்வது? இன்னொன்று, எங்கள் பில்டிங் கீழ்த்தளத்தில் 'பால்வாடி' என்று மராத்தியில் எழுதிய அறை ஒன்று இருக்கிறது. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து பூட்டியே கிடக்கிறது.
— வாசகி, தாராவி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

சீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் எடுக்காதீர்கள். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் கொழுந்தனாரிடம் கொஞ்சம் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் இருக்கிற எல்லாக் கணக்கும் அவர் கேள்விக்குள் வந்துவிடுகிறது.

அரசாங்கம் செலவு செய்யாவிட்டால் செலவே இல்லை என்று அவர் நினைக்கிறார். உங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வீட்டை விட்டதில் மாதம் 4,000 என்றால் வருஷத்துக்கு 48,000. நர்சரிக்காரர் கேட்பதைவிட 20,000 அதிகம். இதற்கு ரசீது கிடையாது, அதனால் யாரும் இதைச் செலவு என்று எழுதுவதில்லை. உங்கள் அத்தை வலிக்கிற முழங்காலோடு நாலு மாடி ஏறி இறங்குகிறார், அதுவும் செலவுதான். நான் போய்வருகிற சந்துகளில் சில வீடுகளில் ஒன்பது வயது அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். அந்த வீடு பள்ளிக்கூடத்தையே விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சின்னப் பிள்ளை என்றால் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த ஆளின் நேரத்துக்கு எப்போதும் யாரோ ஒருவர் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். இன்றைக்கு அதில் பெரும்பங்கைக் கொடுப்பது உங்களைப் போன்ற தாய்மார்கள். கொழுந்தனாரிடம் இந்த 48,000-ஐ ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பி.காம். படித்தவர், அவருக்குப் புரியும்.

'வீட்டு வேலை' என்ற அவருடைய எண்ணம் சட்டத்துக்குள்ளேயும் இருக்கிறது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று சொன்னது. கீழே எத்தனை வயதிலிருந்து என்று கோடு போடவில்லை. பிறந்த குழந்தையும் அதில் அடங்கும். 2002-இல் 86-ஆவது திருத்தம் வந்தபோது கோடு போட்டார்கள். 6 முதல் 14 வரை இலவசக் கட்டாயக் கல்வியை அரசு 'அளிக்கும்' என்று உரிமைகள் பகுதியில், 21ஏ பிரிவில், எழுதினார்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை 45-ஆவது பிரிவுக்கு அனுப்பி, கவனிப்பும் கல்வியும் தர அரசு 'முயலும்' என்று எழுதினார்கள். அளிக்கும் என்றால் நீதிமன்றத்தில் போய்க் கேட்கலாம். முயலும் என்றால் முயன்றுகொண்டிருக்கிறோம் என்று பதில் வரும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவும் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்பதோடு நிறுத்திக்கொண்டது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடக்கிறது என்று எழுதி, 2030-க்குள் எல்லாக் குழந்தைக்கும் இந்தக் கல்வி என்று இலக்கு வைத்தது. சரி, நல்லது. ஆனால் கொள்கை வேறு, உரிமை வேறு. (அந்த 85 சதவீதத்தைச் சொல்லித்தான் நர்சரிக்காரர்கள் தாய்மார்களைப் பயமுறுத்துகிறார்கள் என்பது தனிக்கதை.)

இனி உங்கள் எதிர்ச் சந்து அங்கன்வாடி. கிச்சடி போடுகிற இடம் என்று சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். இது எங்கேயிருந்து வந்தது தெரியுமா? தாராபாய் மோடக் என்ற கல்வியாளர் 1945-இல் நம் பக்கத்து போர்டியில் கிராமப் பிள்ளைகளுக்கென்று ஒரு நிலையம் ஆரம்பித்தார். பிறகு அது கோஸ்பாடு குன்றுக்குப் போனது. அனுதாயி வாக் அவரோடு சேர்ந்து உழைத்து, அவருக்குப் பிறகும் அதை நடத்தினார். ஆதிவாசிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்றதும், பள்ளியையே அவர்கள் குடிசை முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். முற்றம் என்பதற்கு மராத்தியில் அங்கண். அப்படிப் பிறந்த பெயர்தான் அங்கன்வாடி. ஆக, முதலில் அது விளையாட்டும் பாட்டும் கதையும் நடந்த இடம். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் நாட்டில் 33 இடங்களில் அரசு அதை ஆரம்பித்தது. மகாராஷ்டிரத்தில் முதன்முதலில் ஆரம்பித்த இடங்களில் தாராவியும் ஒன்று. இன்று நாடெங்கும் கிட்டத்தட்ட 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. முற்றமே இல்லாத தாராவியில் அது பத்துக்குப் பத்து கோலிக்குள், அதாவது ஒற்றை அறைக்குள், வந்து உட்கார்ந்துவிட்டது.

இதற்கு எவ்வளவு காசு போகிறது? 2025-26 மத்திய பட்ஜெட்டில் சக்ஷம் அங்கன்வாடி, போஷன் 2.0 திட்டத்துக்கு (அங்கன்வாடிகள் இப்போது இதன் கீழ்தான் நடக்கின்றன) ஒதுக்கியது 21,960 கோடி. கேட்டால் மலைப்பாக இருக்கும். 14 லட்சத்தால் வகுத்தால் ஓர் அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல், அதாவது மாதம் சுமார் 13,000. சாப்பாடு, சேவிகா (அங்கன்வாடி ஊழியர்) மதிப்பூதியம், உதவியாளர் மதிப்பூதியம், மற்றதெல்லாவற்றுக்கும் மத்திய அரசின் பங்கு இவ்வளவுதான். மாநில அரசு தன் பங்கைச் சேர்க்கும்போது தொகை கூடும், ஆனாலும் தாராளம் என்று சொல்ல முடியாது. நீங்கள் சமைக்கிற மாட்டுங்கா வீடுகளில் கார் நிறுத்த என்ன வாடகை என்று கேட்டுப் பாருங்கள். ஒரு குழந்தையின் சாப்பாட்டுக்கு நாளைக்கு 8 ரூபாய் என்று 2017-இல் வரம்பு வைத்தார்கள். உயர்த்துவோம் என்று 2025 பட்ஜெட் உரையில் சொன்னார்கள். எட்டு ரூபாய்க்கு தாராவியில் ஒரு வடாபாவ் வராது. சேவிகாவுக்கு மத்திய அரசு நிர்ணயித்தது மாதம் 4,500, அது 2018 அக்டோபரில் வைத்த தொகை. மேலே மாநிலம் போடுகிறது. இதைச் சம்பளம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், மதிப்பூதியம்தான். அவருக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022-இல் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. 2023 டிசம்பர் 4 முதல் மகாராஷ்டிரத்தில் சேவிகாக்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, நினைவிருக்கிறதா? ஐம்பது நாள் போல நீடித்தது. அந்த மூன்று மணி நேரம் எவ்வளவு பெரிது என்று தாராவியில் நிறைய வேலைக்காரத் தாய்மார்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

உங்கள் மகள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்கு, நான் போன மழைக்காலத்தில் பார்த்த ஒரு காலையைச் சொல்கிறேன். உங்கள் அங்கன்வாடி இல்லை, முகுந்த் நகர்ப் பக்கம் வேறொன்று. அறையில் பத்தொன்பது பிள்ளைகள். விட்டத்தில் எடை பார்க்கும் தராசு தொங்குகிறது, மூலையில் நீல டிரம், ஜன்னல் கம்பியில் ஈரக் குடைகள். பக்கத்துக் கார்கானாவில் வீணாகிற ரெக்சின் துண்டுகளை சேவிகா ஒரு பையில் வாங்கி வைத்திருந்தார். எல்லாவற்றையும் தரையில் கொட்டினார். சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம். அப்புறம் பெரியது, சின்னது. ஒரு பையன், அதுவரை சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தவன், நீளத் துண்டு ஒன்றை எடுத்து, "இது கைப்பிடி" என்றான், தமிழில். அடுத்த துண்டைத் தூக்கி, "இது வாய், இங்கதான் ஜிப் வரும்." சேவிகாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கெட்டிக்காரி. அவன் சொன்னதைத் திருப்பிச் சொன்னார், "கைப்பிடி". பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. உடனே மராத்தியில் அதற்கு என்ன என்று அவர் சொல்ல, அவன் அதைச் சொல்லிப் பார்த்தான். பையன் மூன்று வாரமாக அங்கே பேசியதே இல்லையாம்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மேற்பார்வையாளர். ஊட்டச்சத்துப் பாக்கெட் வாங்க வந்த தாய்க்குச் செயலியில் முகம் பதியவில்லை, மறுபடி எடுத்து ஏற்று என்கிறார். 2025 ஜூலையிலிருந்து முகத்தைப் பதியாமல் பாக்கெட் கொடுக்கக் கூடாது. சேவிகா எழுந்து வாசலுக்குப் போனார். மழை, நெட் இல்லை. திரும்ப வருவதற்குள் ரெக்சின் துண்டுகள் காற்றில் பறந்துகொண்டிருந்தன, இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள், பையன் பழையபடி சுவரோரம் போய்விட்டான். அப்புறம் கிச்சடிப் பாத்திரம் வந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தேன். மூன்று மணி நேரத்தில் அந்த சேவிகா பிள்ளைகளோடு பிள்ளைகளாக உட்கார்ந்தது மொத்தம் நாற்பது நிமிஷம். மிச்சமெல்லாம் எடை, பதிவேடு, போன், சாப்பாடு, வாசலில் கர்ப்பிணிகள். 2023-இல் வந்த 'போஷண் பீ, படாயீ பீ' திட்டம் நாளைக்கு இரண்டு மணி நேரமாவது முன்பருவக் கல்வி நடக்க வேண்டும் என்கிறது. யார் நடத்துவது, அதே ஒரு ஆள்தானே? இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு சேவிகாக்களைத் திட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த நாற்பது நிமிஷத்தை இரட்டிப்பாக்க முடியுமா? முடியும் என்று நம் தமிழ்நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் நாலு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதிக்குக் கூடுதலாக ஓர் அரை நேர ஊழியர், முன்பருவக் கல்விக்கென்றே. மற்ற பாதி எப்போதும் போல. புதிய கட்டடமோ டேப்லெட்டோ எதுவும் தரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தபோது கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது. பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த விஷயம். வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளும், கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள பிள்ளைகளும் அந்த மையங்களில் குறைந்திருந்தார்கள். படிப்பை இன்னொருவர் பார்த்துக்கொண்டதால், பழைய ஊழியருக்கு உடம்பைக் கவனிக்க நேரம் கிடைத்தது. இந்தப் பிள்ளைகள் வளர்ந்து கூடுதலாகச் சம்பாதிக்கப்போவதைக் கணக்கிட்டால், போட்ட காசைப் போல 13 முதல் 21 மடங்கு வரை திரும்ப வரும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் 'ஒரு ரூபாய் போட்டால் ஏழு ரூபாய்' என்று ஒரு செய்தி சுற்றும், நீங்களும் பார்த்திருக்கலாம். அதற்கு மூலம் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் ஆரம்பித்த பெர்ரி முன்பள்ளி. நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் அதன் பலனை வருஷத்துக்கு 7 முதல் 10 சதவீதம் என்று கணக்கிட்டார். நல்ல ஆய்வுதான். ஆனால் மொத்தம் 123 பிள்ளைகள், வீட்டுக்கே வந்துபோன ஆசிரியர்கள், நம்முடைய கோலிக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எனக்குத் தமிழ்நாட்டுக் கணக்குதான் கைக்கு எட்டுகிற கணக்கு. கொழுந்தனாரிடம் அதைச் சொல்லுங்கள். கல்லூரி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கல்லூரி வாசல் வரை வந்து சேராத பிள்ளைகள் எந்த வயதில் பின்தங்கினார்கள் என்று பார்த்தால், நிறையப் பேருக்கு அது ஒன்றாம் வகுப்புக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது.

இப்போது நர்சரி. அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த விலையில் நடப்பவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன். பெஞ்சில் நெருக்கி உட்காரவைத்து மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ஏ, பி, சி எழுத்தும் நூறு வரை எண்ணும் எழுதவைப்பார்கள். வீட்டுப்பாட நோட்டு தினமும் வரும், அதைப் பார்த்து நமக்குப் படிப்பு நடப்பது போல ஒரு நிம்மதி. அந்த வயதில் விரல் எலும்பே இன்னும் முற்றவில்லை. ஒரு காலை வேலைக்கு லேட் ஆனாலும் பரவாயில்லை என்று அங்கே போய் வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். உள்ளே பிள்ளைகள் சத்தம் கேட்கிறதா, ஆசிரியை சத்தம் மட்டும் கேட்கிறதா? ஓர் ஆளுக்கு எத்தனை பிள்ளைகள்? கழிவறை எங்கே? உள்ளே விட மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். ஒன்பதரைக்குப் போய்ப் பன்னிரண்டரைக்கு வந்துவிடுவாள் என்றால், உங்கள் மதியப் பிரச்சினை அப்படியே இருக்கிறது, கையில் சீட்டுக் கடன் மட்டும் கூடுதல். அதனால்தான் சீட்டை எடுக்காதீர்கள் என்றேன்.

காசில்லாமல் வேறு வழி உண்டா என்றால், இரண்டு உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம், ஆன்லைனில் விண்ணப்பித்துக் குலுக்கல். 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு, ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளிக்கு இது வேண்டாம் என்று விதியைத் திருத்தியது. அதே ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே வழி திறந்திருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், உங்களுக்குக் கிடைப்பது கஷ்டம். வருமான வழியில் போனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் உழைக்கிறீர்கள், தாண்டிவிடும். சாதிச் சான்று வழியில் போனால், பட்டியல் சாதியினர் என்றால் குடும்பம் 10 ஆகஸ்ட் 1950-க்கு முன்பிருந்தே மகாராஷ்டிரத்தில் இருந்ததற்குக் காகிதம் கேட்பார்கள். தாராவித் தமிழர்களில் பல பேருக்கு இந்தக் காகிதம்தான் தலைமுறை தலைமுறையாகத் தலைவலி. தாத்தா காலத்து ரேஷன் அட்டை, பள்ளிச் சான்று ஏதாவது அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். இருந்தால் இதற்கு மட்டுமில்லாமல் நிறைய விஷயத்துக்கு உதவும்.

இரண்டாவது, மாநகராட்சிப் பள்ளி. இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்வேன். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அவற்றில் பலவற்றோடு பால்வாடியும் இருக்கிறது. மும்பை பப்ளிக் ஸ்கூல் என்ற பெயரில் ஆங்கில வழியில் மழலையர் வகுப்பிலிருந்தே நடக்கும் பள்ளிகளும் உண்டு. இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் என்பதால் குலுக்கல். புது வருஷம் பிறந்ததும் போய் விசாரிக்க ஆரம்பித்துவிடுங்கள். தமிழ்ப் பள்ளி என்றால் எத்தனாவது வகுப்பு வரை இருக்கிறது, அதற்கப்புறம் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று கேளுங்கள். அதுவரை மகள் அங்கன்வாடியிலேயே இருக்கட்டும். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, அங்கே மராத்தி என்று மூன்று மொழிகளைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கிறாள். வாய் திறக்க நாளாகும், அது குறை இல்லை. என்ன படித்தாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்றைக்கு யார் அழுதார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நிற்காமல் பேசுவாள்.

மகனைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் இப்படித்தான், நர்சரி வயது வந்த பிறகுதான் யோசிக்கிறோம். ஆனால் பதினோரு மாதக் குழந்தைக்குத்தான் இந்த நாட்டில் ஏற்பாடு ரொம்பக் குறைவு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இரண்டு வீட்டுச் சமையலறைகளில் வேலை செய்கிற உங்களுக்கு அது எந்தப் பக்கத்திலிருந்தும் வராது. மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தில் 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகத்தோடு சேர்த்து நடத்துவதாக இலக்கு. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். அப்படி ஒன்று உங்கள் சந்துக்கு வந்தால் அந்த 4,000 திரும்ப வந்துவிடும். தாராவியில் அது உண்டா, வருமா என்று சேவிகாவிடமும் சிடிபிஓ (குழந்தை வளர்ச்சித் திட்ட அதிகாரி) அலுவலகத்திலும் கேளுங்கள். இப்போதைக்கு அவனுக்கு மாதாமாதம் எடை பார்த்துக் குறிக்கிறார்களா என்று கவனியுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறவில்லை என்றால் சோட்டா சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள், காத்திருக்க வேண்டாம். வீட்டுக்குத் தரும் ஊட்டச்சத்துப் பாக்கெட்டும் அவன் பெயரில் வர வேண்டியதுதான். சட்டப்படி அது அவன் உரிமை.

கடைசியாக, கீழ்த்தளத்து அறை. உங்கள் கடிதத்தில் ஓரமாக எழுதியிருந்தாலும், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது. எஸ்ஆர்ஏ திட்டங்களில் குடும்பங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப பால்வாடிக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பது விதி. பில்டர் அந்த அறையைச் சும்மா கட்டவில்லை. அதைக் காட்டித்தான் அனுமதி வாங்கியிருப்பார். நான் போன பல கட்டடங்களில் அந்த அறைக்குள் கணபதி பந்தல் கம்பு, பிளாஸ்டிக் நாற்காலி, சொசைட்டி ஃபைல்கள் இருக்கும். ஒரு இடத்தில் ஜெராக்ஸ் கடையே நடந்தது. எதிர்ச் சந்தில் உங்கள் சேவிகா வாடகைக் கோலியில் திண்டாடுகிறார், இங்கே அறை சும்மா கிடக்கிறது.

முதலில் சேவிகாவிடம் பேசுங்கள், இந்த அறை கிடைத்தால் வருவீர்களா என்று. பத்துக்குப் பத்தில் இருப்பவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அப்புறம் பில்டிங்கில் ஆறு வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள் என்று மாடி மாடியாக ஏறி எண்ணுங்கள். கொழுந்தனாரை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், மனு எழுத பி.காம். உதவட்டும். மனுவில் பெற்றோர் கையெழுத்து வாங்கி, சொசைட்டி செக்ரட்டரிக்கு ஒன்று, சிடிபிஓவுக்கு ஒன்று, எஸ்ஆர்ஏவுக்கு ஒன்று கொடுங்கள். மூன்றிலும் வாங்கிய முத்திரையோடு நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். அங்கன்வாடியே இல்லாத குடிசைப் பகுதியில் 40 பிள்ளைகள் இருந்து மக்கள் கேட்டால் மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்களுக்கு எதிர்ச் சந்தில் ஒன்று இருப்பதால் அது அப்படியே பொருந்தாது. ஆனால் பிள்ளைகள் எண்ணிக்கை அந்த ஒரு மையத்துக்கு மீறியதாக இருந்தால், இன்னொன்று கேட்க அதை மேற்கோள் காட்டலாம். கீழே ஒரு அங்கன்வாடி, காப்பகத்தோடு சேர்த்து, என்றே கேளுங்கள். பாதி கொடுத்தாலும் லாபம்.

செக்ரட்டரி சாவி பில்டரிடம் இருக்கிறது என்பார், பில்டர் ஆள் சொசைட்டியிடம் கொடுத்தாயிற்று என்பார். அதனால் மனு எழுதுவதற்கு முன்னாலேயே, இந்த ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அந்தப் பூட்டு கடைசியாக எப்போது திறந்தது, சாவி யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.